முதலாமாண்டில் பேப்பர் தேர்ந்தெடுப்பது: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சீட்டு கிடைத்து, ஃபீஸ் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்தியதும் பெரும்பாலான வீடுகளில் 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் முதல் இரண்டு வாரத்தில்தான் படிக்கப் போகும் பேப்பர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை வரிசையாக நடக்கிறது. பார்ட் ஒன்னில் எந்த மொழி, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, அலைடு (துணைப் பாடம்) எது, என்.எம்.இ. (வேறு துறையில் எடுக்கும் பேப்பர்) எது, ஸ்லாட் (வகுப்பு நேரம்) எது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து "நாளைக்கு ஃபில் பண்ணிக் கொண்டாங்க" என்பார்கள். அல்லது ஒரு போர்ட்டல் குறித்த மணிக்குத் திறந்து குறித்த மணிக்கு மூடிக்கொள்ளும். பிள்ளை, பக்கத்து பெஞ்சுக்காரன் எதை டிக் அடிக்கிறானோ அதையே அடித்துவிட்டு வரும். மூன்று வருடம் கழித்து எம்.எஸ்சி. விண்ணப்பத்திலோ டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்திலோதான் அந்த டிக் எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரியும்.

இப்படித் தேர்ந்தெடுப்பதில் பாதி அடுத்த வாரமே மாற்றிக்கொள்ளக் கூடியவை. மீதிப் பாதி மூன்று வருடமும் ஒட்டிக்கொண்டு வரும். எது எந்த வகை என்று தெரிந்து வைத்திருந்தால் போதும். ஒட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் பிள்ளையை நிறுத்தி யோசிக்க வையுங்கள். மற்றதில் தலையிட வேண்டாம்.

முதலில், கல்லூரி எந்த வகை?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 2002-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், சேர்க்காட்டில் இருக்கிறது. இவற்றில் முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி, ஆக்சீலியம், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பட்டம் பல்கலைக்கழகம் கொடுக்கும். பாடத்திட்டம், கேள்வித்தாள், தேர்வு எல்லாம் கல்லூரியே நடத்தும். அதனால் தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு பக்கத்து ஊர்க் கல்லூரி சீனியரின் பழைய கேள்வித்தாள் உதவாது. பேப்பர் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே யூனிட் மாறியிருக்கும்.

பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி மாதிரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரிகளில் முதல் இரண்டு பருவத்தில் (செமஸ்டர்) தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. கணக்கு, இயற்பியல், வேதியியல், இங்கிலீஷ் எல்லாம் அச்சடித்து வைத்த பட்டியல். 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதி) 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று தலா ஒரு கிரெடிட் (பேப்பரின் எடையைச் சொல்லும் எண்) கொண்ட இரண்டு பேப்பர் இருந்தன, அதுவும் எல்லோருக்கும் கட்டாயமாக இருந்தது. எலெக்டிவ் எடுப்பது மூன்றாம் வருடம் வரும்போதுதான். அங்கே படிக்கும் பிள்ளையின் பெற்றோர் இப்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: முதல் வருடக் கணக்கில் அரியர் விழாமல் பார்த்துக்கொள்வது. பின்னால் ஆனர்ஸ், மைனர் (கூடுதல் பேப்பர் படித்துப் பெறும் சிறப்பு) எடுக்க வேண்டும் என்றால் சி.ஜி.பி.ஏ. (எல்லாப் பருவத்துக்குமான கிரேடு சராசரி) பார்ப்பார்கள், முதல் வருடத்தில் விட்டதைப் பிடிக்க நான்கு பருவம் ஆகும்.

மூன்றாவது வகை, வி.ஐ.டி. போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே பேப்பர், நேரம், ஆசிரியர் மூன்றையுமே மாணவர் தேர்ந்தெடுக்கும் முறை நடக்கிறது. அதைத் தனியாகக் கீழே சொல்கிறோம்.

பார்ட் ஒன்னிலிருந்து பார்ட் ஃபைவ் வரை

கலை அறிவியல் பட்டப்படிப்பு ஐந்து பார்ட் கொண்டது. பார்ட் ஒன் தமிழ் அல்லது வேறு மொழி. பார்ட் டூ இங்கிலீஷ். பார்ட் த்ரீ மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும். பார்ட் ஃபோரில் என்.எம்.இ., திறன் பேப்பர்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி. பார்ட் ஃபைவ் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரியான வேலைகள். ஆறு பருவத்தில் மொத்தம் 140 கிரெடிட் என்பது வழக்கமான அளவு.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று: ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ் என்பதை பார்ட் வாரியாகத்தான் போடுவார்கள். எம்.ஏ., எம்.எஸ்சி. சேர்க்கையில் பார்ப்பது பார்ட் த்ரீ மார்க். ஆகவே "பிரெஞ்சு எடுத்தா மார்க் அள்ளலாம், பர்சன்டேஜ் ஏறும்" என்று யாராவது சொன்னால், அந்த மார்க் மேஜர் பக்கம் வந்து சேராது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிரெஞ்சு பிடித்து எடுத்தால் அது வேறு விஷயம்.

மொழியைத் தேர்ந்தெடுப்பது ஒட்டிக்கொள்ளும் வகை. அது பார்ட் ஃபோரையும் இழுத்துக்கொண்டு வரும். பார்ட் ஒன்னில் தமிழ் எடுத்தால் பார்ட் ஃபோரில் என்.எம்.இ. கிடைக்கும். பன்னிரண்டு வரை தமிழ் படித்துவிட்டு இங்கே வேறு மொழி எடுத்தால் 'சிறப்புத் தமிழ்' இரண்டு பேப்பர் எழுத வேண்டும். பள்ளியில் தமிழே படிக்காமல் வேறு மொழி எடுத்தால் ஆறாம் வகுப்பு அளவில் 'அடிப்படைத் தமிழ்' இரண்டு பேப்பர். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் உருது எடுக்கும் பிள்ளைகளும், குடியாத்தம், காட்பாடி எல்லையோரம் தெலுங்கு மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகளும் இதில் எந்தப் பிரிவில் வருகிறார்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். என்.எம்.இ. வகுப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்த பிறகு "நீ அடிப்படைத் தமிழ் எழுதணும்" என்று தெரியவந்தால் இன்டர்னல் டெஸ்ட் போயிருக்கும்.

அரசு வேலைக்கு எழுதும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள் மதிப்பெண்ணுக்கு வராது. பார்ட் ஒன்னில் வேறு மொழி எடுத்ததால் தகுதி போய்விடாது. ஆனால் மூன்று வருடம் தமிழ் எழுதாத கை அந்தத் தாளில் தடுமாறும்.

மீடியம்: யோசிக்காமல் டிக் அடிக்கும் பெட்டி

அரசுக் கல்லூரிகளில் சில மேஜர்களுக்குத் தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் இரண்டும் இருக்கும். "காலேஜாச்சும் இங்கிலீஷ்ல படிக்கட்டும்" என்பது வீட்டில் கேட்கும் முதல் பேச்சு. டிக் அடிப்பதற்கு முன் பி.எஸ்.டி.எம். எனும் தமிழ் வழிச் சலுகை பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணி நேரடி நியமனத்தில் 20 சதவீதம் முன்னுரிமை உண்டு. 2010-ல் வந்த சட்டம். 2020-ல் திருத்தம் வந்து, அந்த வேலைக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆனது. ஒன்றாம் வகுப்பிலிருந்து கணக்கு.

இதைப் பிரித்துப் பாருங்கள். குரூப் 4-க்குக் கேட்பது பத்தாம் வகுப்பு. பிள்ளை பத்து வரை தமிழ் வழியில் படித்திருந்தால், டிகிரி எந்த மீடியத்தில் இருந்தாலும் குரூப் 4-ல் முன்னுரிமை போகாது. குரூப் 1, குரூப் 2 கேட்பது பட்டம். அங்கே டிகிரியும் தமிழ் வழியில் இருந்தாக வேண்டும்.

நம் கருத்து இது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி, வரலாறோ பொருளாதாரமோ மேஜர், அரசு வேலை நோக்கம் என்றால் தமிழ் மீடியத்தை விடாதீர்கள். இயற்பியல், கணினி அறிவியல் எடுத்து எம்.எஸ்சி., எம்.சி.ஏ., ஐ.டி. என்று போகிற பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம் நல்லது. அடுத்த படிப்பின் புத்தகம் எல்லாம் இங்கிலீஷில்தான். பள்ளியில் நடுவே ஓரிரு வருடம் இங்கிலீஷ் மீடியம் படித்த பிள்ளைக்கு இந்தச் சலுகை ஏற்கெனவே கை நழுவியிருக்கும், அந்த வீட்டில் இதற்காகச் சண்டை போட ஒன்றுமில்லை.

அலைடும் என்.எம்.இ.யும்

அலைடு மேஜருக்குத் துணைப் பாடம். பல பட்டப்படிப்புகளில் முதல் வருடம் ஒன்று, இரண்டாம் வருடம் ஒன்று. இயற்பியலுக்குக் கணக்கும் வேதியியலும் என்று கட்டிவைத்திருப்பார்கள். வேதியியல் மாதிரித் துறைகளில் சில கல்லூரிகள் இரண்டு வழி கொடுக்கும்: கணக்குப் பக்கமா, உயிரியல் பக்கமா. பன்னிரண்டில் பயாலஜி குரூப்பில் கணக்கு இல்லாமல் வந்த பிள்ளை பயந்து உயிரியல் பக்கம் ஓடும். அது தப்பில்லை, ஆனால் எம்.சி.ஏ.க்குப் பன்னிரண்டிலோ டிகிரியிலோ கணக்கு கேட்பது வழக்கம் என்று தெரிந்து ஓட வேண்டும். பன்னிரண்டில் கணக்கு படித்த பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை, பிடித்ததை எடுக்கலாம்.

அலைடு பார்ட் த்ரீயில் வருவதால் அதன் மார்க்கும் கிளாஸில் சேரும். மேஜரில் மட்டும் கவனம் வைத்து அலைடைக் கடைசி இரவு படிப்பது பரவலான பழக்கம். முதல் வருடத்தில் விழும் அரியர்களில் அலைடு கணக்குக்குத் தனி இடம் உண்டு.

என்.எம்.இ. வேறு துறையில் எடுக்க வேண்டிய பேப்பர். பொதுவாக இரண்டு கிரெடிட். இப்போது பல கல்லூரிகளில் முதல் இரண்டு பருவத்திலேயே வருகிறது. பழைய திட்டத்தில் இரண்டாம் வருடம் வந்தது, ஆகவே சீனியர் சொல்வதை நம்பி இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு துறையும் இத்தனை பேர் என்று வரம்பு வைக்கும், முதலில் வருகிறவர்களுக்கே இடம். கம்ப்யூட்டர் துறை என்.எம்.இ. முதல் மணி நேரத்திலேயே நிரம்பிவிடும். பிள்ளையின் தாளில் ஒன்றுக்கு மூன்று விருப்பம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு வணிகவியல் துறையின் கணக்குப்பதிவு அடிப்படை, பி.எஸ்சி. பிள்ளைக்குப் பொது அறிவு, போட்டித் தேர்வு சார்ந்த பேப்பர் இரண்டும் கைகொடுக்கும். தோழிகள் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காரலாம் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு கிரெடிட்தான். இது விட்டுவிடக் கூடிய வகை.

கிரெடிட் கணக்கு

வீட்டில் ஒரு முறை பேப்பரும் பேனாவுமாக இதைப் போட்டுக் காட்டுங்கள். நான்கு கிரெடிட் பேப்பரில் 6 பாயின்ட், ஒரு கிரெடிட் பேப்பரில் 10 பாயின்ட். சராசரி 8 இல்லை. 4×6=24, 1×10=10, மொத்தம் 34; அதை 5-ஆல் வகுத்தால் 6.8. ஒரு கிரெடிட் பேப்பரில் சதம் அடித்தாலும் நான்கு கிரெடிட் பேப்பரில் சறுக்கியது சறுக்கியதுதான். எந்தப் பேப்பருக்கு எத்தனை மணி நேரம் படிப்பது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

மார்க் பிரிவு பெரும்பாலும் இன்டர்னல் 25, பருவத்தேர்வு 75. தேற 40 வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் இந்தப் பிரிவு மாறலாம். கையேட்டில் முதல் பத்துப் பக்கத்துக்குள் இருக்கும். இன்டர்னல் என்பது டெஸ்ட், அசைன்மென்ட், செமினார், சில இடங்களில் வருகையும் சேர்ந்தது. போன பருவத்தில் விட்ட தேர்வை அடுத்த பருவத்தில் எழுதலாம், போன இன்டர்னலைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

பஸ்ஸும் டே ஆர்டரும்

கலை அறிவியல் கல்லூரிகளில் கால அட்டவணை பெரும்பாலும் திங்கள், செவ்வாய் என்று ஓடாது. முதல் டே ஆர்டரிலிருந்து ஆறாம் டே ஆர்டர் வரை சுற்றும், நாளுக்கு ஐந்து மணி நேரம், ஒரு சுற்றுக்கு முப்பது. நடுவில் லீவு வந்தால் டே ஆர்டர் நின்று அடுத்த வேலை நாளில் தொடரும். அதனால் "வியாழக்கிழமை மதியம் அவளுக்கு வகுப்பு இல்லை, அன்னைக்கு டாக்டர்கிட்ட போகலாம்" என்று வீட்டில் போடும் கணக்கு அடுத்த வாரமே பொய்க்கும். ஷிப்ட் முறை உள்ள கல்லூரியில் எந்த ஷிப்ட் என்பது சேர்க்கையின்போதே முடிவாகிவிடும்.

வருகைக்கு 75 சதவீதம் வேண்டும். பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 68 நாள் வந்தாக வேண்டும், 22 நாள் விடலாம். தாராளம் மாதிரித் தெரியும். குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ வரும் பிள்ளை பஸ் தாமதத்தால் வாரத்தில் இரண்டு நாள் முதல் மணியைத் தவறவிடுகிறது என்று வையுங்கள். பல கல்லூரிகளில் முதல் மணி போனால் அரை நாள் போனதாகப் போடுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள், 18 வாரத்துக்கு 18 நாள். காய்ச்சல், கல்யாணம், ஆடிக் கிருத்திகை எல்லாவற்றுக்கும் சேர்த்து மீதி நான்கு நாள்தான். 75-க்குக் கீழே வந்தால் குறிப்பிட்ட எல்லை வரை அபராதம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே போனால் பருவமே போகும்.

அதனால் வகுப்பு தொடங்கும் முன் பிள்ளையோடு ஒரு நாள் அதே நேரத்தில் அதே பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பாகாயம்–காட்பாடி டவுன் பஸ் எட்டு மணிக்கு ஓடும் வேகம் வேறு, ஒன்பது மணிக்கு கிரீன் சர்க்கிளைத் தாண்டும் வேகம் வேறு. ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து காட்பாடிக்கு ரயில் சீசன் டிக்கெட் எடுக்கிறவர்கள், ரயில் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்க்கை ஆன உடனே பஸ் பாஸுக்கு போனஃபைடு சான்று கேட்டு வைப்பது நல்லது. அலுவலகத்தில் முதல் வாரத்துக் கூட்டம் பெரிது.

ஸ்லாட் முறை

வி.ஐ.டி.யில் எஃப்.எஃப்.சி.எஸ். என்று சொல்லும் முறையில் ஒவ்வொரு பேப்பரும் ஒரு ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கும். ஏ1, பி1, சி1 என்று எழுத்தோடு 1 வந்தால் காலை. ஏ2, பி2 என்றால் மதியம். ஒரு ஸ்லாட் ஒரே நாளில் முடியாது. ஏ1 எடுத்தால் திங்கள் எட்டு மணிக்கும் புதன் ஒன்பது மணிக்கும் வகுப்பு. அதோடு டி.ஏ.1 சேர்ந்த பேப்பர் என்றால் வெள்ளியிலும் ஒரு மணி நேரம். லேபுக்கு எல்1, எல்2 என்று தனி எண். எல்1 முதல் எல்30 வரை காலை, எல்31 முதல் எல்60 வரை மதியம்.

மோதல் வருவது இங்கேதான். லேபும் தியரியும் ஒரே நேரத்தின் மேல் போட்ட இரண்டு பெயர்கள். பிள்ளை ஏ1-ல் ஒரு பேப்பர் எடுத்துவிட்டு, எல்13+எல்14-ல் லேப் காலியாக இருக்கிறது என்று அதையும் அழுத்தும். எல்14 என்பது புதன் ஒன்பது மணி, ஏ1-உம் அதே நேரம். போர்ட்டல் ஏற்காது. அதைப் புரிந்துகொண்டு வேறு லேப் தேடுவதற்குள் மதிய லேப் நிரம்பிவிடும். பழகியவர்கள் வைத்திருக்கும் விதி எளிது: தியரி காலையில் என்றால் லேப் எல்31-க்கு மேல்; தியரி மதியம் என்றால் லேப் எல்30-க்குள்.

பேப்பர் குறியீட்டின் கடைசி எழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எல் (L) என்று முடிந்தால் தியரி, பி (P) என்றால் லேப், இ (E) என்றால் இரண்டும் சேர்ந்தது. கால்குலஸ் மாதிரி பேப்பரில் எல்லும் பியும் தனித்தனி. தியரியை மட்டும் பதிந்துவிட்டு லேபை விட்டுவிடுவது முதலாண்டுக்காரர்கள் அடிக்கடி செய்வது.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது சீனியர்களின் பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றும், "இவர் மார்க் அள்ளிப் போடுவார்" என்று. வகுப்பின் சராசரியை வைத்து ஒப்பீட்டு முறையில் கிரேடு போடும் இடத்தில் இந்தக் கணக்கு பாதிதான் உண்மை. எல்லோரும் அவரிடமே போனால் சராசரியும் ஏறும், எண்பது எடுத்தவரும் நடுவில் நிற்பார். புரியும்படி நடத்துகிறாரா, சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிறாரா என்று விசாரிப்பது மேல்.

ஒரே நாளில் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நிரப்பி, மறுநாளைக் காலியாக வைக்கும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வரும். முதல் பருவத்தில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இரண்டு வாரத்தில் மதிய வகுப்பில் தூங்கும், காலி நாளிலும் தூங்கும்.

பதிவு நாளில்

போர்ட்டலில் பதிகிற கல்லூரி எதுவானாலும் கோளாறு வரும் இடங்கள் ஒன்றே.

ஓ.டி.பி. முதல் பிரச்சினை. விண்ணப்பத்தின்போது பிரவுசிங் சென்டரில் அப்பாவின் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். பதிவு நேரத்தில் பிள்ளை கல்லூரியில், அப்பா ராணிப்பேட்டை சிப்காட்டில் போனை லாக்கரில் வைத்துவிட்டு ஷிப்டில். ஒரு வாரம் முன்பே நம்பரையும் மின்னஞ்சலையும் பிள்ளையின் பெயருக்கு மாற்றி, ஒரு முறை நுழைந்து வெளியே வந்து பாருங்கள். சென்டர்காரரின் மின்னஞ்சலில் கணக்கு தொடங்கப்பட்டிருந்தால் உடனே மாற்றுங்கள்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிறபடி இனிஷியல், எழுத்து எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்து என்று இருந்தால் பிள்ளை எடுக்கும் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கு, உதவித்தொகை இரண்டிலும் சிக்கும். ஆதார் திருத்தத்துக்கு நாள் ஆகும் என்பதால் இதை விடுமுறையிலேயே முடித்துவிட வேண்டும்.

பதிவுக்கு முதல் நாள் இரவு:

1. ஒரு தாளில் பேப்பர் குறியீடு, கிரெடிட், ஸ்லாட், முதல் விருப்பம், மாற்று விருப்பம் இரண்டு என்று எழுதட்டும். பெயரை நம்ப வேண்டாம், ஒரே பெயரில் இரண்டு குறியீடு இருக்கும்.
2. கிரெடிட்டைக் கூட்டிப் பார்க்கட்டும். குறைந்தபட்சத்துக்குக் கீழே போனாலும் அதிகபட்சத்தைத் தாண்டினாலும் பதிவு நிற்கும்.
3. வேகமாக நிரம்பும் பேப்பரை முதலில் வையுங்கள். எல்லோருக்கும் கட்டாயமான பேப்பருக்கு எப்படியும் இடம் ஒதுக்குவார்கள், அதைக் கடைசியில் எடுக்கலாம்.
4. போன் சார்ஜ், இணைப்பு, இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்.

அன்று ஒரே சாதனத்தில், ஒரே டேபில் மட்டும் நுழைய வேண்டும். அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று நுழைந்தால் ஒருவரை ஒருவர் வெளியே தள்ளுவார்கள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் ரிஃப்ரெஷ் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். பல போர்ட்டல்களில் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். 'சேவ்' என்பது வேறு, 'சப்மிட்' என்பது வேறு. சேவ் செய்துவிட்டு மகிழ்ச்சியாக எழுந்து போன பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. முடிந்ததும் உறுதிப் பக்கத்தை ஸ்கிரீன் ஷாட்டும் பிரின்ட்டும் எடுத்து வையுங்கள்.

அந்த நேரத்தில் பெற்றோர் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் மௌஸ் பிள்ளை கையில் இருக்கட்டும். அடுத்த பருவத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள் முதல் நாளே கேட்டு முடிக்க வேண்டியவை: "ஏம்மா, இது எத்தனை கிரெடிட்? லேப் தனியா இருக்கா? இதை எடுத்தா எம்.எஸ்சி.க்கு ஏதாச்சும் தடை வருமா? போன வருஷத்துப் பசங்க எதுல அதிகமா அரியர் வெச்சிருக்காங்க?" கடைசிக் கேள்விக்கு பிள்ளைக்குப் பதில் தெரியாவிட்டால், அதைத் துறையில் ஒரு சீனியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் போய்க் கேட்க வேண்டாம்.

என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஆன்லைன் பாடம்) சான்றிதழ் பற்றி முதல் வாரமே பேச்சு வரும். பதிவு இலவசம், தேர்வுக்குத்தான் 1000 ரூபாய். 12 வாரப் பாடம் பொதுவாக 3 கிரெடிட். நல்ல திட்டம். இருந்தாலும் முதல் பருவத்தில் வேண்டாம், கல்லூரிப் படிப்பின் வேகமே பிடிபட்டிருக்காது. எடுக்கும்போது, கல்லூரி அந்தப் பாடத்தைக் கிரெடிட்டாக ஏற்குமா என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். 'நான் முதல்வன்' (தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டம்) பாடங்கள் அந்தந்தப் பருவத்தில் கல்லூரி வழியே வரும், தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை.

தப்பாக எடுத்துவிட்டால்

வகுப்பு தொடங்கிய முதல் சில நாட்களில் மாற்ற வழி இருக்கும். எவ்வளவு நாள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு, அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். பிள்ளை முதலில் போக வேண்டியது வகுப்பு ஆசிரியரிடம், வி.ஐ.டி. என்றால் பிராக்டரிடம் (பிள்ளைக்கு ஒதுக்கிய வழிகாட்டி ஆசிரியர்). பிறகு துறைத்தலைவர், கடைசியில் முதல்வர். அப்பா நேராக முதல்வர் அறைக்குப் போனால், அவர் திரும்ப வகுப்பு ஆசிரியரிடம்தான் அனுப்புவார். அரை நாள் வீண்.

கடிதம் அரைப் பக்கம் போதும். பெறுநர் முதல்வர், 'வழி: துறைத்தலைவர்'. பெயர், பதிவு எண், வகுப்பு. எடுத்த பேப்பரின் குறியீடு, வேண்டிய பேப்பரின் குறியீடு. காரணம் ஒரே வரி. "பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காததால் அலைடு உயிரியல் பிரிவுக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" மாதிரி. வேண்டிய பேப்பரில் இடம் இருக்கிறதா என்று அந்தத் துறையில் கேட்டு, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி இணைத்தால் வேலை வேகமாக நடக்கும். அனுமதி வந்ததும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

பருவத்தேர்வு விண்ணப்பம் நிரப்பும்போது அந்த நகலை எடுத்து, விண்ணப்பத்தில் இருக்கும் குறியீடுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடச் சொல்லுங்கள். வகுப்பில் மாற்றி உட்கார்ந்திருப்பார்கள், அலுவலகக் கணினியில் பழைய பேப்பரே இருக்கும். ஃபீஸ் கட்டி விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் அதன்பின் திருத்துவது அலைச்சல். ஹால் டிக்கெட் வந்ததும் இன்னொரு முறை பாருங்கள்.